ஒன்றிலிருந்து ஐந்து வரை

கணக்கெடுக்க வந்தவள் கோபன்ஹேகன்காரி.
தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில்
படிவத்தை என் மேஜைமேல் விரித்தாள்.
"இரண்டாயிரத்துப் பதினொன்றில்
வெளிநாடுகள் தலையிட்டது சரியா?
ஒன்று என்றால் பெருந்தவறு,
ஐந்து என்றால் முழுச்சரி."

பெங்காசியில் மருந்துக்கடை வைத்திருப்பவளிடம்
எண்களில் பேசுவது சுலபம்தான்.
இத்தனை மில்லிகிராம், இத்தனை வேளை.

அந்த மார்ச்சில்
டாங்கிகள் ஊர் விளிம்பைத் தொட்டிருந்தன.
மிஃப்தாவுக்கு ஒன்பது வயது.
குளியல்தொட்டிக்குள் அவனைப் படுக்கவைத்து
மேலே மெத்தையைப் போட்டு மூடினேன்.
மெத்தைக்கு அடியிலிருந்து கேட்டான்:
"அம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?"
அப்போது விமானங்கள் வந்தன.
யாருடையவை என்று பார்க்கவில்லை.
மூழ்குகிறவன் கயிற்றின் மறுமுனையில்
யார் கை என்றா பார்ப்பான்?
மொட்டைமாடியில் நின்று குலவையிட்டேன்,
தொண்டை கட்டும்வரை.
எழுதிக்கொள், ஐந்து.

பொறு.
ஆகஸ்டில், மேற்கே,
என் சித்தி மகள் ஸுஹ்ராவின் கூரைமேல்
அதே வானம் இறங்கியது.
பக்கத்துக் கட்டடத்தில் யாரோ தளபதி தங்கியிருந்தானாம்.
முந்தின இரவே போய்விட்டானாம்.
அவளுடைய பெண்கள் இருவரும்
பகல்தூக்கத்தில் இருந்தார்கள்.
வருந்துகிறோம் என்றொரு கடிதம்கூட வரவில்லை.
எந்த முகவரிக்கு வரும், வீடே இல்லாதபோது?
அடித்துவிட்டு எழுது. ஒன்று.

பிறகு எல்லோரும் போனார்கள்.
துப்பாக்கிகள் மட்டும் போகவில்லை.
ஸப்ரி வட்டாரம் செங்கல் செங்கலாய் உதிர்ந்த வருடங்களில்
மறுபடி வானத்தைப் பார்த்தோம்.
புறாக்கள்.

காய்ச்சல் இறங்கியதும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்களைத்
தினமும் பார்க்கிறேன்.
அடுத்தமுறை அதே நோய்
அந்த மருந்துக்கு அடங்காமல் வரும்.
அதற்காக மருந்தே கொடுத்திருக்கக் கூடாது
என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.
இதோ, பின்னறையில்
பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான் மிஃப்தா,
மீசையோடு.

"அப்படியானால் மூன்று என்று போட்டுக்கொள்ளவா?"
அன்பாகத்தான் கேட்டாள்.

மூன்றில் யாரும் குடியிருக்கவில்லை, பெண்ணே.
ஸுஹ்ராவிடம் கேட்டுவிட்டுப் போடு.
மாத்திரை உறையின் பின்னால்
அவள் எண்ணை எழுதிக் கொடுத்தேன்,
பார்க்காமலே எழுத வரும் எண்.
அந்த ஆகஸ்டுக்குப் பிறகு
நான் அழைத்ததில்லை.

மார்ச்சில், மொட்டைமாடியில்,
போனை உயர்த்திப் பிடித்திருந்தேன்.
மறுமுனையில் அவள்தான்.
அவளும் என்னோடு குலவையிட்டாள்.