மூன்றாவது வரி

ஜனவரி பத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.
கப்பலூர் கம்பெனியில் கணக்குப் பிரிவு ஜன்னலில்
பெனினா மேடம் ஒட்டிய தாளில்
பத்தைச் சிவப்பில் இரண்டு முறை சுழித்திருந்தார்.

வாடகை, எல்.ஐ.சி. எல்லாம் தாண்டி
நாலாம் பக்கம்: பிள்ளைகள்.
பெயர், வகுப்பு, கட்டிய கட்டணம்.
இரண்டு வரிதான் அச்சடித்திருக்கிறார்கள்.

எனக்கு மூன்று.
மூத்தவள் மதிவதனி. இன்னும் ஒன்று போதும் என்றிருந்தோம்.
ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டி
"இங்க இன்னொரு துடிப்பும் கேக்குதே" என்றார்.
மாறனுக்கும் வழுதிக்கும் ஆறு நிமிட இடைவெளி.

பள்ளிக்கூட ரசீதில் பதினோரு இனங்கள்.
வேன், ஸ்மார்ட் கிளாஸ், ஷூ, கடைசியில் 'இதர'.
டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் செல்லும் என்றார் மேடம்.
அதைத் தனியாக எழுதி சீல் வைத்து வாங்கத்
திருநகருக்கு மூன்று நடை.
மூன்றாம் நடையில் பிரின்சிபால் இருந்தார்,
சீல் பீரோவில் இருந்தது,
சாவி லீவில் இருந்தது.

கல்விப்படி என்று ஒன்றும் உண்டு.
பிள்ளைக்கு மாதம் நூறு, அதற்கு வரி கிடையாது.
எந்தக் காலத்தில் யார் குறித்த நூறோ,
அன்றைக்கு அது நூறாக இருந்திருக்கும்.
வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு,
அதில் இருபது சதவீதம், அதன் தலையில் செஸ்:
ஒரு பிள்ளையால் எனக்கு மிச்சம்
இருநூற்று நாற்பத்தொன்பது ரூபாய் அறுபது காசு.
வழுதிக்கு ஒரு ஜோடி செருப்பு வரும்,
ஆடித் தள்ளுபடியில்.

"வீட்டுல வேலைக்குப் போறாங்களா சார்?
மூணாவது பிள்ளை ஃபீஸை அவங்க கணக்குல காட்டலாம்,
சட்டம் இடம் தருது."
பாண்டீஸ்வரி விளக்குத்தூண் பக்கம் நைட்டிக் கடையில்
ஒன்பதாயிரத்துக்குக் காலையிலிருந்து நிற்கிறாள்.
சட்டம் இடம் தருகிறது, கடைக்காரர்
ஸ்டூல்கூடத் தருவதில்லை.
"வரி கட்டுற அளவுக்குச் சம்பளம் வரட்டும்,
மூணு பேரையும் நானே எழுதிக்கிறேன்" என்று சிரித்தாள்.

ஆக, இரட்டையரில் வருஷத்துக்கு ஒருவன்.
போன வருஷம் மாறன்.
படிவம் டி.வி. மேல் கிடந்தது,
வழுதி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான்.
"நான் எங்கப்பா?"
அடுத்த வருஷம்டா.
"அப்ப இந்த வருஷம் நான் யாரு?"
வில்லாபுரம் முனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது,
குடத்தோடு தப்பித்தேன்.

இந்த ஜனவரி அவன் முறை.
மேடம் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.
"இன்னும் ஏன் சார் பழைய கணக்கு? புதுசுக்கு மாறுங்க.
உங்க சம்பளத்துக்கு வரி சைபர்."
பிள்ளைகளை எங்கே எழுதுவது?
"அதுல பிள்ளைங்களுக்குக் கட்டமே இல்ல."

பத்தொன்பதாயிரம் மிச்சம்.
யோசிக்க என்ன இருக்கிறது, மாறிவிட்டேன்.
ரிங் ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வரும்போது
மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே அளவில்
காணாமல் போனது
நிம்மதியாகக்கூட இருந்தது.

வழுதி கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.
"எழுதிட்டியா?"

பையில் மிஞ்சிய பழைய படிவத்தைக் கொடுத்தேன்.
மாறனிடம் அடிக்கோல் வாங்கி
நாக்கைத் துருத்திக்கொண்டு
இரண்டாவது வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தான்.
கோணல்தான்.
வழுதி. நாலாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
கட்டணத்துக்கு என்ன போட என்றான்.
வேன், ஷூ, இதர எல்லாம் சேர்த்து
முழுத் தொகையைச் சொன்னேன்.
கட்டத்துக்குள் அடங்காமல்
ஓரம் வரை ஓடியது.

கீழே கையெழுத்துப் போட்டேன்.
நாள் போட்டேன்.
இடம்: மதுரை.