மீட்டர் ஓடாது

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில்
மிக்ஸி ஜார்களுக்கு நடுவே கிடந்தது.
"மீட்டர் ஓடாதும்மா" என்றார் கடைக்காரர்
ஆட்டோக்காரர் தொனியிலேயே.
இந்த ஊர் வெயிலுக்கு மீட்டர் எதற்கு?
பதினாறில் வைத்தால்
ஐப்பசி மழை வரை தொடவே வேண்டாம்.

எண்ணூறு கேட்டார், அறுநூற்றைம்பதுக்குப் படிந்தது.
ஃபிலிம்தான் ஆயிரத்தைத் தாண்டியது.

முப்பத்தாறே முப்பத்தாறு.
காசிமேட்டில் விடியலிலிருந்து
கண்ணில் வைப்பதும்
எடுக்காமல் இறக்குவதுமாக இருந்தேன்.
வஞ்சிரக் கூடை போனது, வலை போனது.
ஐஸ் உடைக்கும் ரெஜினா
சம்மட்டியை ஊன்றி நின்று
"எடேன்" என்றாள்.

டப்.

"காட்டு."
திருப்பினேன்.
பின்பக்கம் வெறும் கறுப்புத் தோல்.
ஏய்க்கிறேனா என்று முறைத்தாள்,
விரலால் ஒருமுறை தேய்த்தும் பார்த்தாள்,
பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு,

அப்போது நான்
அடுத்த படத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன்.