ஐந்து செக்கன்

மல்லாவியில் அதிகாலை இரண்டு மணி.
தட்டுகளில் மா பொங்கி விளிம்பைத் தொட்டுவிட்டது,
போறணை இன்னும் குளிர்ந்து கிடக்கிறது.

விறகுப் போறணையை இடித்துவிட்டு
லீசிங்கில் எடுத்த கேஸ் போறணை.
இன்னும் பதினேழு கட்டுக்காசு பாக்கி.
வவுனியாவிலிருந்து வந்து இறங்கிய நான்
ஹெல்மெற்றைக் கழற்றுமுன்பே பவளராணி சொன்னார்:
"பத்துது தம்பி. பத்தினாப் பிறகு செத்துப்போகுது."

டிக் டிக் டிக் என்று பொறி.
வால்வு திறக்கிற பெருமூச்சு.
நீல நெருப்பு வரிசையாக ஓடிப்போய் நிற்கிறது.
நான் பார்க்கிறேன், அவர் பார்க்கிறார்,
பாண் ஓட்டோ டெனிஸ்ரன்
கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கிறான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
டக்.
நெருப்பு இல்லை என்று பெட்டி தீர்ப்பெழுதி
வாயுவை மூடிவிடுகிறது.

மூன்று தரம் இப்படி.
பிறகு சிவப்பு விளக்கு. இனி எதையும் கேளாது.

நெருப்பைக் கண்ணால் காண்பதில்லை இந்தப் பெட்டி.
சுவாலைக்குள் ஒரு கம்பியை நீட்டி வைத்திருக்கும்.
நெருப்பின் வழியே மின்சாரம் நடக்கும்,
ஒரு அம்பியரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால்
அதில் இரண்டு கூறு, மூன்று கூறு.
அது பேர்னரில் இறங்கி, பச்சை வயரில் இறங்கி,
மண்ணைத் தொட்டால்தான்
எரிகிறது என்று ஒப்புக்கொள்ளும்.
கண்டவர்கள் எத்தனை பேர் என்பது அதற்குக் கணக்கில்லை.

"நாங்கள் மூண்டு பேர் பாத்தனாங்கள்தானே,"
என்றார் பவளராணி.
சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

கம்பியைக் கழற்றினேன்.
மாத்தூசியும் செம்மண் புழுதியும் சுட்டு இறுகிய தோல்.
இரும்பு நாரால் தேய்த்து மாட்டினேன்.
மீற்றர்: பூச்சியம் தசம் ஆறு.
போதாது.

பச்சை வயர் போன வழியே டோர்ச்சோடு நானும் போனேன்.
சுவரைத் தாண்டி அது இறங்கும் இடத்தில்
ஆவணி வெயில் நிலத்தைப் பிளந்து வைத்திருந்தது.
ஏர்த் கம்பி, கை வைத்தால்
விழப்போகிற பல்லாக ஆடியது.

புதுக்கம்பி என்னிடம் இருந்தது, நாலடி.
எங்கே இறக்க?
"வேலிக்கு அங்காலை வேண்டாம்.
துப்புரவாக்கிப்போட்டம் எண்டு கடிதம் தந்தவைதான்.
ஆனாலும் வேண்டாம்."
தட்டுக் கழுவிய தண்ணீர் ஓடி நனைந்த மூலையைக் காட்டினார்.

சுத்தியலால் ஆறு தட்டு. ஏழாவதில்
டங்.

டெனிஸ்ரன் ஓட்டோவுக்குப் பின்னால் போய்விட்டான்.
நான் தூக்கிய சுத்தியலை
இறக்கத் தெரியாமல் நின்றேன்.
பவளராணி அசையவில்லை.
"அது தண்டவாளம், தம்பி. பங்கருக்கு மேலை போட்டது.
மூடேக்கை எடுக்கேலாமல் விட்டது."
மா வெட்டுகிற தகட்டைக் கொண்டுவந்து
தானே மண்ணை விலக்கினார்.

எத்தனை பேர் அதன் கீழே இருந்தார்கள் என்று
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.
ஈரத்துக்குள் அந்த இரும்பு
எவ்வளவு நீளமென்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.
துருவைச் சுரண்டி,
பச்சை வயரை அதில் கிளிப் போட்டு இறுக்கினேன்.

டிக் டிக் டிக்.
பெருமூச்சு. நீலம்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.

மீற்றர் மூன்று தசம் நாலில் நின்றது.
ஏழு, எட்டு என்று டெனிஸ்ரன் மட்டும்
எண்ணிக்கொண்டேயிருந்தான், நாற்பது வரைக்கும்.

விடியும்போது பில் எழுதினேன்.
இரும்பு நார், கூலி, பெற்றோல்.
ஏர்த் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.
நாலடிக் கம்பி என் பையில் திரும்பிவிட்டது.
"அதுக்கு எவ்வளவு?"
"அது உங்கடை இரும்பு, அக்கா."
"எங்கடை இல்லை,"
ஒரு றாத்தல் பாணைச் சூட்டோடு
பேப்பரில் சுற்றியபடி சொன்னார்,
"றெயில்வேக்காரன்ரை."