நாற்பது விழுக்காடு

பாடாங் செராயில் மழை பிடித்த மத்தியானம்.
ரப்பர் நூல் கம்பெனியின் மாடியில்
பெட்டிகளுக்குப் பிறப்புச் சான்று வாங்கித் தருவது
என் உத்தியோகம்.

பாரம் டி என்று அதற்குப் பெயர்.
ஹைபோங் போகிற நானூறு பெட்டியும்
இந்த வட்டாரத்துப் பிள்ளைதான் என்று
எழுதிக் கொடுத்தால் அங்கே வரி பூஜ்யம்.
முழுக்க இங்கே பிறந்திருக்க வேண்டாம்,
மதிப்பில் நாற்பது விழுக்காடு தேறினால் போதும்.
ஹாட்யாயில் வெட்டிய பாலையும்
நம் மரத்துப் பாலாகவே எண்ணிக்கொள்ளலாம்,
உடன்படிக்கை அவ்வளவு தாராளம்.
சீனத்து வெள்ளைத் தூளை மட்டும் கழிக்க வேண்டும்.
கழித்தேன். அறுபத்து மூன்று.
அந்தப் பூஜ்யத்தில்தான் என் சம்பளமும் ஓடுகிறது.

பேக்கிங்கிலிருந்து தீர்த்தம்மா ஏறி வந்தார்,
கையில் சிவப்பு அட்டை, ஈரமாய் ஒரு கவர்.
குடியுரிமைப் பாரம். நான்காவது தடவை.
மூன்றாம் டிவிஷன் லயத்தில் பிறந்தவர்.
பதிய மறந்தது கிராணியா, அப்பனா,
இனி யாரைக் கேட்பது.
பிறந்ததைப் பார்த்த சாட்சி இருவர் வேண்டுமாம்.
மரமெல்லாம் சாய்ந்து வீடமைப்பு வந்தாயிற்று.

"பெட்டிக்கு எத்தன நாள்ல வரும் தம்பி?"
"மூணு நாள்."
"அப்ப என்னையும் ஒரு பெட்டியில போட்டுக் கணக்குப் பாரேன்.
நாப்பது தேறாது?"

கேண்டீன் டிவியில் மாநாடு.
வலக்கை இடப்பக்கத்தாருக்கு, இடக்கை வலப்பக்கத்தாருக்கு,
குறுக்கே கோத்துச் சிரிக்கிறார்கள் தலைவர்கள்.
ஓட்டெடுப்புக் கிடையாது அங்கே.
ஒரு தலை ஆடாவிட்டால் தீர்மானமும் இல்லை.
எங்கள் மாரியம்மன் கோயில் கமிட்டியில்
நாற்காலியாவது பறக்கும்.

கொதிகலன் பக்கம் நிற்கிற கோ டுன்
சோற்றைப் பிசைந்தபடி பார்த்திருந்தான்.
அவன் ஊர் எரிந்து இரண்டு மழை போயிற்று.
கவலை தெரிவிக்கப்பட்டது, என்றது செய்தி.
அடுத்த வீட்டு அடுப்பில் கைவைப்பதில்லை என்பது
இவர்கள் கூடிய நாளிலிருந்தே பேச்சு.
அவன் எழுந்து போய்க் கைகழுவினான்.

அப்படிக் கோத்த கையால்
ஒருவரை ஒருவர் அடிக்க முடியாது, சரி.
விழுந்தவனைத் தூக்க?
அவன் கேட்கவில்லை.
நான்தான், பாரத்தில் சாப் குத்தும்போது.

நாலரைக்கு லோரி வந்தது.
தீர்த்தம்மா பெட்டிக்கு ஒன்றாய்
'மலேசியாவில் செய்தது' ஒட்டி முடித்தார்.
ஒட்டுத்தாள் ஒன்று மிஞ்சியது.
தூக்குச்சட்டி மூடியில் ஒட்டிக்கொண்டார்,
கொஞ்சம் கோணலாக.