பச்சை நூல்

மூன்று மாதமாகத் தணிகைவேல்
பெயரோடும் வயதோடும் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.
நாற்பத்தேழு. பாரிமுனையில் கப்பல் சரக்குக் கணக்கு.
‘சோர்ந்த மனிதன்’ என்று எழுதி
அடித்தேன்.
சோர்வு என்ன நிறமென்று
எனக்கே தெரியவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை.
பழந்துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒருவன்,
“வீட்டுக்காரருக்காக்கா? இன்னா சைஸு?”
முப்பத்தெட்டு என்றேன்.
யோசித்து, நாற்பது;
இந்த வயதில் கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கும்.
“வீட்டுக்காரருக்கு இல்ல, ஒரு கதைக்கு.”
அவன் சிரிக்கவில்லை.
“கதைக்குன்னா முழுக்கை எடுத்துக்கோ.
அரைக்கை போட்டவன்
இன்னாத்தப் பண்ணிடப் போறான்?”

நான் அரைக்கையே எடுத்தேன்.
அறுபது சொன்னான், நாற்பத்தைந்துக்குத் தந்தான்.

வெளிர்நீலக் கட்டம்.
கொடியில் மாட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
வலது தோள் இடதைவிடத் தேய்ந்திருந்தது:
பை, எப்போதும் ஒரே தோளில்,
தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் இறக்காத பை.
காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தார்கள்.
சம்பளத்தைப் பற்றி நான் எழுதவிருந்த பத்தி
தேவையில்லாமல் போயிற்று.
பாக்கெட்டின் அடியில் மைக்கறை,
ஐந்து ரூபாய் அகலத்துக்கு.
மூடியைச் சரியாக மூடாதவன்.
இதை நான் நினைத்திருக்கவே மாட்டேன்,
அவனை ஒழுங்கானவனாக வைத்திருந்தேன்.

மூன்றாவது பித்தானில் மாட்டிக்கொண்டேன்.
மற்றவற்றில் இரண்டு இணைகோடு, மெஷின் வேலை.
இதில் மட்டும் பச்சை நூல், பெருக்கல் குறி போல,
துணியே சுருங்கும்படி
இழுத்து இழுத்து.
தைத்த கைக்குக் கோபம்.
கோபத்தோடும் தைத்திருக்கிறது.

இரண்டாம் அத்தியாயத்திலேயே நான்
இந்திராணியைக் கொன்றிருந்தேன்,
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், மழையோடு,
அவனுக்கு ஒரு சோகம் வேண்டுமே என்று.

இப்போது அவள்
ஜன்னல் வெளிச்சத்துக்கு ஊசியைத் தூக்கிப் பிடிக்கிறாள்.
ஏழு நாற்பது ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
போட்டபடி தைக்கக் கூடாது என்கிறான்.
அவள் பதில் சொல்லவில்லை.
ஒன்பது நாளாகவே சொல்வதில்லை.
கத்தரி கிடைக்காமல்
நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தபோது
அவள் நெற்றி அவன் நெஞ்சில் பட்டது.
இரண்டு பேருமே அசையவில்லை,
நூல் அறுந்த பிறகும் கொஞ்ச நேரம்.

முப்பத்தோரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அவன் போய்விட்டான், பையோடு.
அவள் வாசலில் நிற்கிறாள்,
கழுத்துக்குக் கீழே ஒன்றும் எழுதப்படாமல்.
அடுத்த வெள்ளிக்கிழமை வரை
அப்படியே நிறுத்திவைக்க முடியாது.

குளியலறைக் கதவில் தொங்குகிறது
என் காபிப்பொடி நிற நைட்டி.
இடது அக்குளில் தையல் விட்டிருக்கிறது,
தோளில் துண்டு போட்டு மறைத்துக்கொள்வேன்.
அவளுக்குச் சரியாக இருக்கும்.
கொடுக்கத்தான்
மனம் வரவில்லை.