ஏழாம் வாரம்

எனக்குப் பாடம் இரவு பதினொன்றுக்குத் திறக்கிறது.
கல்லூரி எந்த ஊரில் இருக்கிறதென்று தெரியாது,
கட்டணம் மட்டும் மாதம் தவறாமல் போய்ச் சேர்கிறது.
ஹான்காக் சலவைக்கடையில்
கடைசி உலர்த்தி சுற்றி ஓயும்வரை
சோப்புப் பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து
மனித நோய்களின் அடிப்படை படிக்கிறேன்.
வெளியே ஏரியிலிருந்து பனி
பக்கவாட்டில் வந்து கதவைத் தட்டுகிறது
வாடகைப் பாக்கி கேட்கிறவன் மாதிரி.

ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு ஐலி, என்றாள் லுவான்.
நோய்க்கு எண் போடுகிற வேலை, என்றேன்.
சரியான எண் விழுந்தால்தான்
காப்பீட்டுக்காரன் காசு தருவான்.
உட்கார்ந்தே செய்யலாம்.
என் முழங்காலுக்கும் ஓர் எண் உண்டு, பார்த்துவிட்டேன்.

முதல் வாரம் அழற்சி:
சிவப்பு, சூடு, புடைப்பு, வலி.
இரண்டாம் வாரம் எனக்குச் சர்க்கரை.
மூன்றாம் வாரம் தைராய்டு.
நான்காவதில் தலைக்குள் ஒரு கட்டி
ஞாயிறு மதியம்வரை வளர்ந்து
திங்களன்று சம்பளம் வந்ததும் கரைந்தது.
பேராசிரியை காணொளியில் சிரித்தார்:
இதைப் படிக்கும் எல்லோருக்கும்
எல்லா நோயும் ஒருமுறை வரும்,
பயப்படாதீர்கள், தேர்வோடு போய்விடும்.

ஐந்தாம் வாரம் வெறும் சொற்கள்.
நோயாளி சொன்னால் மட்டும் தெரிவது உபாதை.
அடுத்தவர் கண்ணில் படுவது அடையாளம்.
காரணம் தெரியாவிட்டால் அதற்கும் ஒரு கிரேக்கப் பெயர்.
தெரியாது என்பதை
இவ்வளவு கம்பீரமாகச் சொல்லலாமென்று
இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

ஏழாம் வாரம் நுரையீரல்.
ஒரு படம்:
முரசுக்குச்சி போல் உருண்ட விரல்நுனிகள்,
கவிழ்த்த கரண்டியாய் வளைந்த நகங்கள்.
கீழே ஒரு சோதனை.
இரண்டு சுட்டுவிரல்களையும் நகத்தோடு நகம் சேர்த்து
விளக்குக்கு நேரே பிடி.
நடுவில் வைர வடிவில்
ஒரு துளி வெளிச்சம் தெரிந்தால் சரி.

என் விரலில் வைரம் இருந்தது.
லுவானுக்கும் இருந்தது. விவாகரத்துக்குப் பிறகு
கையில் ஏறிய முதல் வைரம் என்றாள்.
போர்வை உலர்த்த வந்த பனிவண்டி ஓட்டுநருக்கு
கிரீஸ் கறைக்கு நடுவிலும் மினுங்கியது.

வீட்டில் ஆர்விட் பேஸ்டி தின்றுகொண்டிருந்தார்.
முப்பது வருடம் மரலாரி ஓட்டிய கைகள்.
கடையில் நின்று அவற்றுக்குக் கையுறை அளவு சொல்லியிருக்கிறேன்.
முள் குத்தினால் பிடுங்கியிருக்கிறேன்.
படத்தில் பார்க்கும்வரை
பார்த்ததில்லை.

வீட்டுப்பாடம், கையை நீட்டுங்கள், என்றேன்.
குளிர்பெட்டியைத் திறந்து அந்த வெளிச்சத்தில்
நகத்தோடு நகம் வைத்தார்
சுவரில் நிழல்முயல் காட்டுகிறவர் போல.
என்ன தெரியணும்?
வைரம்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.
ஒன்றும் தெரியலையே, என்று சிரித்தார்,
நான் தோற்றுட்டேனா?
கதவு திறந்திருக்கிறதென்று
குளிர்பெட்டி கத்தத் தொடங்கியது.

சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும்
என்று அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் உண்டு.
அந்த வரியைப் பத்து முறை படித்தேன்.
கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன்.
கேக் வெட்டும் கத்தி தெளிவாக இருக்கிறது,
விரல் மங்கல்.

காலை எட்டுக்கு மருத்துவமனையை அழைத்தேன்.
என்ன உபாதை, என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.
அவருக்கு ஒன்றுமில்லை, என்றேன்,
இருந்தாலும் சொல்லமாட்டார்.
எனக்குத்தான் ஓர் அடையாளம் தெரிகிறது.
விசைப்பலகை நின்று காத்திருந்தது.
எதற்குக் கீழே போடட்டும்?

பயிற்சித் தேர்வில் இரண்டு முறை தப்பாக எழுதிய எண்
இப்போது தட்டாமல் வந்தது:
ஆர் அறுபத்தெட்டு, புள்ளி, மூன்று.
ஜன்னலுக்கு வெளியே அவர்
லாரியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்,
கையுறை போடாமல்.