நான்காம் பிரிவு

"ஒரு வாகனம், ஓர் ஓட்டுநர், ஒரு செயலர்,
நூறு சதுரமீட்டருக்கு மிகாத அலுவலகம்,
ஆயுள் உள்ளவரை" என்றிருந்தது பழைய சட்டம்.
ஆயுளை அடித்துவிட்டு
ஐந்தாண்டு என்று எழுதியவன் நான்.
நிதி அமைச்சகம், மூன்றாம் மாடி,
வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் இருமும் அறை.

எழுபத்தொன்றுக்குப் பன்னிரண்டு. நிறைவேறியது.
அந்த மார்ச்சில் ரீகா நகரத்து ஆறு
உடைந்த பனிப்பாளங்களைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.
கையில் பட்டியலோடு படியேறினேன்
விஸ்வால்டிஸின் அலுவலகத்துக்கு.
நாட்டின் தலைவராய் இருந்தவர்.
இறங்கிப் பதினாறு வருடம்.

பளிங்கும் வெள்ளியும் இருக்கும் என்று
எவன் சொன்னான் எனக்கு?
கால் ஆடும் மேசைக்கு அட்டை மடித்துச் சொருகியிருந்தது.
மூடி தொலைந்த கெட்டில்.
இரண்டு கொடிகள், ஒன்று சாயம் வெளுத்தது.
கடிதக் கட்டின்மேல் ஒரு கூழாங்கல்.

"போன வருடம் இருநூற்றுப் பதினான்கு" என்றாள் ஸ்கைட்ரிதே,
நான் கேட்காமலே.
"எல்லாவற்றுக்கும் பதில் போட்டாயிற்று."
மகனை வேறு சிறைக்கு மாற்றச் சொல்லி ஒரு தாய்,
மீன் ஆலையில் விரல் போனவர்,
வருடம் தவறாமல்
தன் பிறந்தநாளுக்குத் தானே வாழ்த்துக் கேட்கும் ஒருவர்.
ஒரு பதிலுக்கு நாடு கொடுத்தது
நூற்று எண்பது யூரோ, வாடகையும் சேர்த்து.
சொன்னால் அவள் முகம் சுருங்கும் என்று தெரியும்.
சொன்னேன்.

நெருக்கடி வருடத்தில்
ஓய்வூதியத்தில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்தார்கள்.
கையெழுத்து இவருடையது.
அந்தக் குளிர்காலம் அம்மா
இரண்டு அறையில் ஒன்றைப் பூட்டிவிட்டுச்
சமையலறையில் படுத்தாள்.
அதற்காக நான் இந்தப் பிரிவை எழுதவில்லை.
எழுதும்போது நினைவு வந்தது, அவ்வளவுதான்.

பொய்.
நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

அவர் வாதாடவில்லை.
நாற்காலி நான்கு, அலமாரி இரண்டு, கெட்டில் ஒன்று,
வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துக்
கையெழுத்துப் போட்டார்.
பிறகு பேனாவையும் மூடி
என் பக்கம் நகர்த்தினார்.
பட்டியலில் பேனா இல்லை.
"இதுவும் அரசாங்கத்துடையதுதான்."

கடைசியில் உல்டிஸ் மேலே வந்தான், சாவியோடு.
ஐம்பத்தொன்பது வயது,
ஓய்வுக்கு இன்னும் ஆறு.
தொப்பியைக் கழற்றலாமா கூடாதா என்று
தயங்கிய கை பாதியில் நின்றது.
சட்டத்தில் எங்கும் அவன் பெயர் இல்லை.
"ஓர் ஓட்டுநர்" என்றிருந்தது,
அதன் குறுக்கே நான் கோடு இழுத்தபோது
தாளில் சத்தமே வரவில்லை.
உச்சிக் கிளை என்று பார்த்துத்தான் தறித்தோம்.
விழுந்தது கூடு.

"டேங்க் பாதி இருக்கிறது" என்றான்.
"முன் இடது டயரில் மெல்லக் காற்று இறங்கும்.
அடுத்து ஓட்டுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்,
ஈரச் சாலையில் இழுக்கும்."

சன்னல் வழியே பார்த்தேன்.
டிராம் நிறுத்தத்தில் மூன்று பேர்,
மூவருக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சம் இடம்.
டிக்கெட் இயந்திரத்தின் முன் விஸ்வால்டிஸ்
எதையோ அழுத்தினார், மறுபடி அழுத்தினார்.
உல்டிஸுக்கும் தெரியவில்லை,
இருபது வருடமாக அவனும் டிராம் ஏறியதில்லை.
ஸ்கைட்ரிதே சில்லறை எடுத்தாள்.

சட்டம் சரிதான். இப்போதும் அதையே சொல்வேன்,
யார் கேட்டாலும்.
வாகனம் ஒப்படைப்புப் படிவத்தில்
"குறிப்புகள்" என்றொரு கட்டம் உண்டு,
எவரும் நிரப்பாதது.
அவருடைய பேனாவால் அதில் எழுதினேன்:
முன் இடது டயர்.
ஈரச் சாலையில் இழுக்கும்.
தகவல்: உல்டிஸ்.